தேயோனாஸின் முதல் சொல்

கையில் இருக்கும் போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். பேசாமலே பெயர் வாங்கிய ஒருவருடைய கதை இது. அமைதியாகக் கேட்பதுதான் மரியாதை.

முன்னொரு காலத்தில், எகிப்து தேசத்துப் பாலைவனத்தில், ஓர் உப்பு ஏரியின் கரையில் தேயோனாஸ் என்ற துறவி வாழ்ந்தார். பேரீச்ச ஓலையைப் பானைத் தண்ணீரில் ஊறவைப்பார், பாய் முடைவார், ஜெபம் செய்வார். இவ்வளவுதான் அவர் வாழ்க்கை.

கிறிஸ்துவுக்காக ஏழு வருடம் வாய் திறப்பதில்லை என்று அவர் விரதம் எடுத்திருந்தார். வரும் ஈஸ்டர் அன்று விரதம் முடியும். துறவிகள் எல்லோரும் கோயிலில் கூடுவார்கள். தலைமைத் துறவி அவரை முன்னே நிறுத்துவார். அவர் முதல் சொல்லாக "அல்லேலூயா" என்று பாடுவார். அந்த ஒரு சொல்லை மனதுக்குள் எத்தனையோ ராகத்தில் பாடிப் பார்த்து வைத்திருந்தார்.

பேசாத மனிதரைப் பற்றி ஊரே பேசியது. ஒட்டகம் ஏறி வந்து வேடிக்கை பார்த்தார்கள். தும்மவாவது தும்முவாரா என்று காத்துக் கிடந்தவர்களும் உண்டு. தேயோனாஸ் தலை குனிந்து பாய் முடைவார். காது மட்டும் ஜன்னல் பக்கம் இருக்கும். துறவியும் மனிதர்தானே!

ஒருமுறை, தாயைப் பறிகொடுத்த சக துறவி ஒருவர் கதவைத் தட்டினார். "ஒரே ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லுங்க, சகோதரரே" என்றார். தேயோனாஸ் பேசவில்லை. வந்தவர் அழுதுகொண்டே திரும்பிப் போனார்.

இன்னொரு முறை, ஒரு வழிப்போக்கன் கதவைத் தட்டினான். "கிணறு எந்தப் பக்கம் சாமி?" என்று கேட்டான். ஜாடை காட்டினாலும் விரதம் கெட்டுவிடும் என்று தேயோனாஸ் கையையும் கட்டிக்கொண்டார். அந்த ஆள் வழியில் மயங்கி விழுந்து, யாரோ பார்த்ததால் பிழைத்தான். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். உங்களுக்கும் வரட்டும்.

மூன்றாம் முறை யாரும் கதவைத் தட்டவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம், பட்டப்பகலில், மணற்காற்று எழுந்தது. எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, உப்பு வெட்டும் பெண்கள் ஏரியின் நடுவே இருந்தார்கள்.

அந்த ஏரி பொல்லாதது. மேலே கெட்டியான உப்பு, கீழே ஆளை விழுங்கும் சேறு. நடப்பதற்கு ஒரே பாதைதான், அது நேராகத் தேயோனாஸின் குடிலில் வந்து முடியும். பாதை நெடுக நட்டு வைத்த கம்புகளை மணல் மறைத்துவிட்டது.

"கரையில யாராவது இருக்கீங்களா? சத்தம் கொடுங்க! சத்தம் வர்ற திக்குல வந்துடுறோம்!" பெண்களுக்குத் தலைவியான நோன்னாவின் குரல் அது.

தேயோனாஸின் கை நின்றது. ஏழு வருடம்! இன்னும் ஒரு வாரம்தான்! ஓடிப் போய், ஓலை ஊறும் பானையைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பால் அடித்தார். விரதமும் பிழைக்கட்டும், பெண்களும் பிழைக்கட்டும் என்று பார்த்தார். நாலு அடியில் பானை உடைந்து போயிற்று.

"சாமி! நிறுத்தாதீங்க சாமி!" என்று காற்றுக்குள்ளிருந்து அலறல் வந்தது.

தேயோனாஸ் வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு கரகரப்பு. பிறகு, பாலைவனமே திடுக்கிடும்படி, "இங்கே! இங்கே வாங்க! இங்கே!" என்று குரல் வெடித்துக் கிளம்பியது.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கரையேறினார்கள். கடைசியாக வந்த நோன்னா திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, என் மக தெக்லாவைக் காணோமே!"

தேயோனாஸ் முழங்கால் அளவு சேற்றில் இறங்கி நின்று கத்தினார். தொண்டை கிழிந்தது. கத்தினார். உதட்டில் ரத்தம் கசிந்தது. அப்போதும் கத்தினார். புழுதிக்குள்ளிருந்து தெக்லா தள்ளாடித் தள்ளாடி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

ஈஸ்டர் விடிந்தது. கோயில் நிரம்பி வழிந்தது. அவர் விரதம் முறிந்த செய்தி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. சிலர் உச்சுக் கொட்டினார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தலைமைத் துறவி தேயோனாஸை முன்னே அழைத்தார். "தேயோனாஸ், உன் விரதம் எங்கே?"

தேயோனாஸ் வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை. குரல் முழுவதையும் ஏரிக்கரையிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள் நோன்னா. மகளைப் பிடித்து முன்னே நிறுத்தினாள். "இதோ நிக்குது பாருங்க, அவரோட விரதம்! தொட்டுப் பாருங்க, உயிரோட இருக்குது!"

தலைமைத் துறவியின் கண்கள் நிறைந்தன. தேயோனாஸைக் கட்டி அணைத்துக்கொண்டு, அவர் ஏழு வருடம் சேர்த்து வைத்த அந்தச் சொல்லைத் தானே எடுத்துப் பாடினார்: "அல்லேலூயா!" உச்சுக் கொட்டியவர்கள் பாடினார்கள். முகம் திருப்பியவர்கள் பாடினார்கள். உப்பு வெட்டும் பெண்கள் எல்லோரையும்விட உரக்கப் பாடினார்கள். தேயோனாஸ் உதட்டை மட்டும் அசைத்தார், ஆனால் அன்று அவரைப்போல் பாடியவர் எவரும் இல்லை.

நீதி இதுதான், மக்களே: உதவி கேட்டு ஒருவர் கூப்பிடும்போது அசையாத தவம், எத்தனை வருடம் செய்தாலும் கடவுளிடம் போய்ச் சேராது.