மேற்குச் சுவரின் பூச்சு

அன்று மேற்குச் சுவரருகே இருந்தவர்கள்: குரு வெள்ளையம்மை, வயது நாற்பத்தொன்று. சீடர் பொன்னுரங்கம், வயது அறுபத்துமூன்று. ஒரு பூனை. வேறு யாரும் இல்லை.

வெள்ளையம்மை முன்பு கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். இப்போது குன்றடியில் தனியாகத் தங்கியிருந்தார். தேடிவந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்வார். சில நாள் சொல்லமாட்டார். அன்று அவரே பொன்னுரங்கத்தின் வீட்டுக்கு வந்திருந்தார்.

மேற்கு வெளிச்சுவரில் மூன்று இடத்தில் மழைக்குப் பூச்சு விழுந்திருந்தது. பொன்னுரங்கம் மூன்றையும் கலவையால் அடைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கய்யா, மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ற மாதிரி தேய்க்கிறீங்க?"

"அஞ்சு மணி பஸ்ல மகன் வர்றான், அம்மா. நாலு வருஷம் கழிச்சு."

"ஏன் நாலு வருஷம்?"

பொன்னுரங்கம் பூச்சுக் கரணையைக் கழுவினார். கழுவியதை மறுபடியும் கழுவினார்.

"அவன் கட்டிக்கிட்ட பொண்ணு இந்தப் படி ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அவளும் அங்கேதான் நின்னுக்கிட்டிருந்தா."

"அவளும் வர்றாளா?"

"இல்ல. அவன் மட்டும் வந்து பார்த்துட்டுப் போறானாம். மறுபடி வருவானா மாட்டானான்னு இன்னைக்குத்தான் தெரியும்."

வெள்ளையம்மை சுவரை நெருங்கிப் பார்த்தார்.

"பழசை நான் எடுக்கப்போறதில்ல, அம்மா. கோழிக் குழம்பு வச்சிருக்கேன். நல்லபடியாப் பேசி அனுப்பினாப் போதாதா?"

வெள்ளையம்மை கரணையை வாங்கினார். அதன் பிடியால், அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் தட்டினார். டொக் என்றது. ஒரு சாண் தள்ளித் தட்டினார். டொக். இன்னும் ஒரு சாண். டொக்.

"கேக்குதா?"

"கேக்குது. பூச்சு உள்ளே சுவரை விட்டுக் கிளம்பியிருக்கு. ஆனா விழலையே, அம்மா."

"உளியை எடுங்க."

இருவரும் கொத்தினார்கள். டொக் என்ற இடமெல்லாம் பாளம் பாளமாக உதிர்ந்தது. புதிதாக அடைத்த மூன்றும் கூடவே விழுந்தன. கெட்டியான சத்தம் வரும்வரை வெள்ளையம்மை நிறுத்தவில்லை. தரையிலிருந்து ஜன்னல்வரை செங்கல் தெரிந்தது.

"மூணு ஓட்டைதான் இருந்தது. இப்போ சுவர் முழுக்க அம்மணமா நிக்குதே!"

"இனி வச்சாப் பிடிக்கும்."

மணி மூன்றரை. பொன்னுரங்கம் அவசரமாக மணலையும் சிமெண்டையும் கொட்டிக் கலந்தார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். வெள்ளையம்மை குடத்தின் வாயில் கையை வைத்தார்.

"அம்மா, வந்ததும் அவன் இதைத்தான் பார்ப்பான். என்ன ஆச்சுன்னு கேட்பான்."

"சொல்லுங்க."

"நாலு வருஷமா இந்த வீட்டுல எனக்குப் பேச ஆள் இல்ல. பேச்சே மறந்துபோச்சு. நீங்களும் கூட இருங்க."

வெள்ளையம்மை கைகளைத் தட்டிப் புழுதியை உதறினார். செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"அப்போ இந்தக் கலவையை என்ன பண்றது? இவ்வளவையும் தனியா எப்படிப் பூசுறது?"

"தண்ணி படாத கலவை சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கும், ஐயா. தண்ணி பட்டா உங்களுக்காக ஒரு மணி நேரம்கூட நிக்காது. அவன் வந்தப்புறம் அவன் கையால ஊத்தச் சொல்லுங்க."

அவர் போய்விட்டார். பொன்னுரங்கம் குடத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பேச யாரும் இல்லாததால் கலவையைச் சட்டியால் அளந்தார்.

பதினேழு சட்டி.