கட்டத்துக்குள் அடங்காத மூன்று ஊர் மாடுகள்

கூழையூர் பால் சங்கத்தில் மூளைக்குக் குறைச்சலே இல்லை. அங்கிருந்த மூன்று பேரும் அதைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள். செயலாளர் அய்யாக்கண்ணு, எழுத்தர் சவரிமுத்து, பால் அளக்கும் பொன்னுரங்கம்.

ஒருநாள் காலை கால்நடை மருத்துவர் மெஹருன்னிசா ஐஸ் பெட்டியில் கோமாரித் தடுப்பு மருந்தோடு வந்து இறங்கினார். கூழையூர், கொக்குமேடு, நத்தக்காடு என்று மூன்று ஊர் மாடுகளுக்கும் ஊசி போட வேண்டும். ஐஸ் உருகிவிட்டால் மருந்து வீண். பக்கத்துத் தாலுகா வரைக்கும் நோய் வந்துவிட்டது. அய்யாக்கண்ணுவுக்குத் தன்னுடைய செவலைப் பசு மேல் உயிர்.

“மாட்டுப் பட்டியலைச் சீக்கிரம் குடுங்க” என்றார் மருத்துவர்.

சவரிமுத்து கம்ப்யூட்டரைத் தட்டினார். ‘எந்த ஊர்?’ என்று சின்னதாக ஒரு கட்டம் வந்தது. மூன்று ஊரையும் சேர்த்து எழுதினார். ஒரு மாடுகூட வரவில்லை.

“ஒரு ஊர் பேரைத்தான் எடுக்குதுண்ணே.”

“அப்ப தனித்தனியா மூணு தடவை கேளுங்களேன்” என்றார் மருத்துவர்.

“கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டா அது நம்மளப் பத்தி என்ன நினைக்கும் டாக்டரம்மா?” என்றார் அய்யாக்கண்ணு.

பொன்னுரங்கம் தாடையைச் சொறிந்தார். “எல்லா மாடும் கூழையூர் மாடுன்னு மாத்தி எழுதிட்டா?”

“மாடு அங்க நிக்கும்போது இங்க நிக்குதுன்னு எழுதுறதா? பொய் ஆகாதுப்பா. முதல்ல மாடு இங்க வரட்டும்” என்றார் அய்யாக்கண்ணு.

மாடுகள் வந்தன. சங்கத்து வாசலில் நூற்று அறுபது மாடு. சவரிமுத்து ‘கூழையூர்’ என்று எழுதினார். கூழையூரின் சொந்த மாடு நாற்பதுதான் வந்தது.

“உள்ள இருக்கறதுக்கு வெளிய நடக்கறது எப்படித் தெரியும்?” என்று திரையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்கள். பார்த்து முடிக்கட்டும் என்று ஐந்து நிமிஷம் மரியாதையாக ஒதுங்கியும் நின்றார்கள். மறுபடியும் நாற்பது.

“வெளியூர் மாடுன்னு மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுதுண்ணே” என்றார் பொன்னுரங்கம்.

“இப்பத்தான் எல்லாம் இங்க நிக்குதே. இனி மாத்தி எழுதினா பொய்யில்ல. எழுது.”

சவரிமுத்து ஒற்றை விரலால் ஒவ்வொரு மாடாக ஊர் மாற்றினார். அய்யாக்கண்ணு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐஸ் உருகுமே, செவலைக்கு ஊசி இல்லாமல் போகுமே என்று சவரிமுத்துவை அவசரப்படுத்தினார்.

ஒருவழியாக நூற்று அறுபதும் வந்தது. அச்சடித்த பட்டியலைத் தூக்கிக்கொண்டு அய்யாக்கண்ணு வாசலுக்கு ஓடினார். மருத்துவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“வாசல்ல நின்ன எல்லாத்துக்கும் போட்டாச்சு. மொத ஊசி உங்க செவலைக்குத்தான்.”

அய்யாக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு பட்டியலைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

“செவலை இதுல எழுபத்தி மூணாவது டாக்டரம்மா! முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? போட்டதையெல்லாம் திரும்ப எடுத்துடுங்க, வரிசையா முதல்லேர்ந்து போடலாம்.”

எடுக்கிற மருந்தைப் பிடிக்கப் பொன்னுரங்கம் அதற்குள் பால் கேனோடு வந்து நின்றார்.