ஒச்சம்மாள் குருவிக்குப் பத்தியம் வைத்த கதை

அந்தக் காலத்தில் சிட்டுக்குருவியும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். குருவி நம் உள்ளங்கையில் உட்கார்ந்து நொய்யரிசி தின்னும், தின்றுகொண்டே ஊர்க்கதையும் பேசும்.

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் ஒச்சம்மாள் என்றொருத்தி இருந்தாள். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தாய்க்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போடுவது அவள்தான். எது சூடு, எது குளிர்ச்சி, எதைத் தின்றால் பச்சைப் பிள்ளைக்கு மாந்தம் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் கைப்பக்குவத்தில் கெட்டுப்போன பிள்ளை ஒன்றுகூட இல்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. யாராவது மாற்றிப் பேசினால் ஒரே அதட்டலில் வாயை அடைத்துவிடுவாள்.

அவள் வீட்டு விட்டத்தில் ஒரு குருவிச் சோடி கூடு கட்டியது. தாய்க்குருவிக்கு அதுதான் முதல் பேறு. நான்கு முட்டை வைத்து நான்கும் பொரிந்தன. ஒச்சம்மாள் முக்காலி போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள். கண் திறக்காத, ஒரு மயிர்கூட முளைக்காத நான்கு குஞ்சுகளைக் கண்டதும் அவளுக்கு மனசு பொங்கிவிட்டது.

தாய்க்குருவி கூட்டை விட்டுக் கிளம்பியது.

“எங்கடி கெளம்பிட்ட?”

“அவரைப் பந்தலுக்குத்தான் அக்கா. நாலு புழு பெறக்கிட்டு வாரேன்.”

“புழுவா? பெத்த ஒடம்போட யாராச்சும் வாசப்படி தாண்டுவாங்களா? காத்துக் கருப்பு அடிச்சா என்னடி செய்வ? புழுவக் குடுத்தா பிள்ளைக்கு மாந்தம் வந்துரும். பேசாம உக்காரு. வேண்டியதெல்லாம் நான் தாரேன்.”

“எங்கம்மா எனக்குப் புழுதான் குடுத்துச்சு...” என்று குருவி இழுத்தது.

“ஒங்கம்மா எத்தனை பிள்ளைக்குப் பாத்தா? நான் எத்தனை பிள்ளைக்குப் பாத்திருக்கேன்?”

ஊரே கேட்டு நடக்கும் ஒச்சம்மாளை எதிர்த்துப் பேச அந்தச் சின்ன உயிருக்கு வாய் வரவில்லை. திரும்பிப் போய்க் கூட்டில் உட்கார்ந்துகொண்டது.

ஒச்சம்மாள் பச்சரிசியைக் குழைய வேகவைத்து, ஒரு சொட்டு நெய் விட்டு மசித்தாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தாய்க்குருவி அதை வாங்கி வாங்கி நான்கு வாயிலும் வைத்தது. மறுநாள் ஆண்குருவி ஒரு பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு சன்னல் வழியே வந்தது. “சீ! பச்சப் பிள்ளைக்கா இத?” என்று அவள் அதைத் தட்டிவிட்டாள். “பத்து நாளைக்கு நீ வெளியவே கெட” என்று சொல்லி, சன்னலில் ஒரு சாக்கைக் கட்டி மறைத்தாள். ஆண்குருவி எதிரே இருந்த முருங்கையில் போய் உட்கார்ந்தது.

குஞ்சுகளின் வயிறு உருண்டு திரண்டது. “பாத்தியாடி, எப்படித் தேறுதுன்னு!” என்று அவள் மகிழ்ந்துபோனாள். ஆனால் எத்தனை ஊட்டியும் அவை வாயை மூடவில்லை. பிளந்த வாயோடு கத்திக்கொண்டே இருந்தன.

ஐந்தாம் நாள் ஒரு குஞ்சு செத்துப்போனது. சூடு தாங்கவில்லை என்று ஒச்சம்மாள் நெய்யை நிறுத்தினாள். ஆறாம் நாள் இரண்டு செத்தன. அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கால்கள் கீரைத்தண்டு போல் வளைந்தன. தொண்டைப்பை நிறையச் சோறு இருந்தது. வயிறு நிறையத் தின்றே அவை பட்டினியில் செத்திருந்தன. அப்போதுதான் ஒச்சம்மாளுக்கு விளங்கியது.

“சாக்க அவுருங்க” என்றது தாய்க்குருவி.

அவள் சாக்கைப் பிய்த்து எறிந்தாள். தாய் வெளியே பாய்ந்தது. முருங்கையை விட்டு நகராமலிருந்த ஆண்குருவியும் கூடவே பறந்தது. அன்று பொழுது சாயும்வரை இரண்டும் புழு கொண்டுவந்து கொண்டுவந்து, மிஞ்சிய ஒற்றைக் குஞ்சுக்கு ஊட்டின. ஒச்சம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளும் அவரைப் பந்தலுக்குப் போய் இலை இலையாகப் புரட்டி, ஐந்தாறு புழுக்களைப் பொறுக்கி வந்து, முக்காலி மேல் ஏறிக் கையை நீட்டினாள்.

தாய்க்குருவி இரண்டு சிறகையும் விரித்துக் கூட்டை மறைத்துக்கொண்டது.

“வேணாம் அக்கா.”

“புழுதான்டி. நானே பொறுக்குனது.”

“தெரியுது. ஒங்க மனசுல ஒரு குத்தமும் இல்ல, அதுவும் தெரியுது. அதனாலதான் பயமா இருக்கு. நீங்க பிரியமா நீட்டுனத நான்தான வாங்கி அதுக வாயில வச்சேன்.”

ஒச்சம்மாள் முக்காலியிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அந்த ஒற்றைக் குஞ்சு பிழைத்தது. இறகு முளைத்து, பதினாறாம் நாள் சன்னல் கட்டை வரை பறந்தது. ஒச்சம்மாள் கீழே நின்றபடியே கேட்டாள்: “இனி இந்த வீட்ட விட்டுப் போயிருவீங்களா?”

“வீடு நல்ல வீடு அக்கா. போக மாட்டோம். கையில மட்டும் வாங்க மாட்டோம்.”

குருவி மனிதரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். ஒச்சம்மாள் ஒரு பிடி நொய்யை முற்றத்தில் இறைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். பிறகுதான் அவை இறங்கி வந்து கொத்தின.

அன்று முதல்தான் சிட்டுக்குருவி நம் கூரைக்குள்ளேயே கூடு கட்டி, நாம் இறைத்த தானியத்தையும் தின்று, குஞ்சுக்கு மட்டும் தானே புழு தேடிப் போகிறது. நாம் எத்தனை ஆசையாகக் கையை நீட்டினாலும் விருட்டென்று பறந்துவிடுகிறது.