அலமாரிக்கு அடியில் ஒரு பிளக்

காங்கேயம் போகிற சாலையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், யானை என்று கற்பனையை ஓட்ட வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், நாலு அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். தினமும் மதியம் அறுபது பேர் வந்து சாப்பிட்டுப் போவார்கள். மடத்தை நடத்தியவர் மரகதம் அம்மா. அவருக்கு வயது நாற்பத்துமூன்று. அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கு ஐம்பத்தெட்டு.

சீடரின் பெயர் தெய்வசிகாமணி. கோயம்புத்தூரில் சுவிட்சும் பிளக்கும் செய்கிற கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் வரைபடம் போட்டவர். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, மனதுக்குத்தான் கிடைக்கவில்லை. வந்த அன்றே அம்மாவிடம் கேட்டார்.

“மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுங்க. என்ன பண்றதுங்க?”

“சாப்பிட்டீங்களாங்க ஐயா?” என்றார் அம்மா. தன்னைவிட மூத்த சீடரை அவர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

“இல்லீங்க.”

“போயி மொதல்ல சாப்பிடுங்க.”

அதோடு ஆறு மாதம் ஓடிவிட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் வந்தபாடில்லை. மனிதர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலவே மடத்துக்குள் நடமாடினார். கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினால், அந்தக் கூடத்தில் எத்தனை சுவிட்ச் இருக்கிறது, அதில் எத்தனை கோணலாக இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்.

மடத்தில் சமையல் ராமாத்தாள் பொறுப்பு. இருபது வருடமாக அவர் கைச் சமையல்தான். நாலு வருடமாகக் கண் மங்கிக்கொண்டே வந்து, இப்போது வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், வேறொன்றும் தெரியாது. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அந்தச் சமையல்கட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவருக்குக் கண் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உப்பு எங்கே, புளி எங்கே, எந்த அடுப்பு சிறுத்து எரிகிறது, எல்லாம் அவர் கைக்குத் தெரியும்.

ஒன்றைத் தவிர. மிக்சி இருந்தது அடுப்புக்கு வலது பக்கம். பிளக் இருந்தது இடது பக்கம். கட்டிடம் கட்டிய புண்ணியவான் அப்படி வைத்துவிட்டுப் போய்விட்டார். மிக்சியின் வயர் அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு வியாழக்கிழமை அது தாண்டாமல் அடுப்பிலேயே விழுந்து பற்றிக்கொண்டது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தவர் ராமாத்தாளேதான். யாருக்கும் காயமில்லை.

மறுநாள் மடத்துக் கமிட்டிச் செயலாளர் நாச்சிமுத்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கருகிய வயரைப் பார்த்ததும் பயந்துபோய்விட்டார்.

“கண்ணு தெரியாதவங்க கரண்டுகிட்ட நிக்கறது ஆகாதுங்கம்மா. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? வர்ற வியாழக்கிழமை வருவேன். அப்பவும் எனக்குத் தைரியம் வரலைன்னா, சமையலுக்கு வேற ஆளப் போட்டுக்கலாம். ராமாத்தாள அவங்க தம்பி வூட்டுல கொண்டுபோயி உட்ரலாம்.”

தம்பி வீடு ராமாத்தாளுக்குத் தெரியாத வீடு அல்ல. போன வருடம் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவர்தான். எப்படி இருந்தது என்று யாரோ கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “அங்க ஒரு சேர் இருக்குதுங்க. அதுல உக்காந்தே இருக்கோணும்.”

செயலாளர் போனதும் அம்மா சிகாமணியைக் கூப்பிட்டார்.

“பிளக்க மாத்தோணுங்க ஐயா. மிக்சிக்கு மேல இருக்கற அலமாரிக்கு அடியில வெச்சா வயர் அடுப்புப் பக்கமே வராது. ராமாத்தா கைக்கு வாகா இருக்கோணும்.”

சிகாமணிக்கு ஆறு மாதத்தில் முதல் முறையாக முகம் மலர்ந்தது. “அது என் தொழிலுங்கம்மா. எந்த எடம்னு மட்டும் சொல்லுங்க.”

“அத நீங்கதான் பாக்கோணும்.”

சனிக்கிழமை காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். அழுக்கான இடத்தில் டேப் பிடித்தால் அளவு தப்பும் என்பது கம்பெனியில் அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அலமாரியின் அடிப்பலகையில் இருபது வருடத்து எண்ணெயும் மஞ்சளும் புகையும் படிந்து கிடந்தன. சோப்புத் தண்ணீர் விட்டு, நார் போட்டு, இரண்டு மணி நேரம் தேய்த்தார். காய்ந்ததும் வெள்ளைப் பெயிண்ட் ஒரு பூச்சு பூசினார். பலகை பளிச்சென்று ஆகிவிட்டது.

அம்மா வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதைப் பாராட்டு என்று சிகாமணி எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வரைபடம் தயார். அலமாரிக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒன்பது பிளக்.

“எதுக்குங்க இத்தனை?” என்று கேட்டார் அம்மா. அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“கை எங்க போனாலும் ஒண்ணு அகப்படட்டுமுங்க.”

“கை எங்க போகுதுங்க?”

“அது… எங்க வேணும்னாலும் போகலாமுங்களே.”

அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த காயை எடுத்தார்.

திங்கட்கிழமை இரண்டாவது வரைபடம். இது கம்பெனியில் இருந்திருந்தால் பரிசே வாங்கித் தந்திருக்கும். அடிப்பலகை நெடுக ஒரு தண்டவாளம், அதில் முன்னும் பின்னும் தள்ளிக்கொள்ளும்படி ஒரு பிளக், கரண்ட் இருந்தால் சிவப்பாக எரிய ஒரு சின்ன விளக்கு. அது எப்படி வேலை செய்யும் என்று கால் மணி நேரம் விளக்கினார்.

அம்மா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“செவப்பு லைட்டு யாருக்குங்க ஐயா?”

சிகாமணிக்குக் காது சுட்டது. தாளைச் சுருட்டிக்கொண்டு நேராக ராமாத்தாளிடம் போனார். ராமாத்தாள் மிக்சி இல்லாமல் அறுபது பேருக்கும் ஆட்டுக்கல்லில் அரைத்துக்கொண்டிருந்தார். தோள் வலி அவர் முகத்திலேயே தெரிந்தது.

“அம்மணி, பிளக்க எங்க வெச்சா உங்களுக்கு வாகா இருக்கும்?”

“நீங்க எங்க வெச்சாலும் செரிங்க.”

“அப்படிச் சொன்னா நான் எப்படிங்க வைக்கறது? எடத்தக் காட்டுங்க.”

ராமாத்தாள் எழுந்து வந்து அலமாரிக்கு முன்னால் நின்றார். கையைத் தூக்கினார். இங்கே தொட்டார், அங்கே தொட்டார். பரீட்சைக்கு வந்தவர் போல் விழித்தார்.

“கேட்டா தெரிய மாட்டேங்குதுங்களே. சமைக்கறப்ப தெரியுமுங்க.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. ஆனால் சிகாமணி அப்போது டேப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

தேடி எடுத்து அளந்தார். ராமாத்தாளின் உயரம், தோள், முழங்கை, விரல் நுனி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கணக்குப் போட்டார். செவ்வாய்க்கிழமை காலை, கணக்கு சொன்ன இடத்தில் பிளக் அளவுக்கு ஒரு மரக்கட்டையை ஒட்டிவைத்துவிட்டு ராமாத்தாளைக் கூப்பிட்டார்.

“கைய நீட்டுங்க. இன்னும் வலது பக்கம். இன்னும் கொஞ்சம். அவ்வளவு வேண்டாம், இப்படி வாங்க.”

ராமாத்தாள் சொன்னபடியெல்லாம் கையை நீட்டினார். முழங்கை இடித்து உப்பு ஜாடி கீழே விழுந்து உடைந்தது.

இருபது வருடத்தில் அந்தச் சமையல்கட்டில் ராமாத்தாள் கையிலிருந்து ஒரு கரண்டிகூடக் கீழே விழுந்ததில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சில்லையும் உப்பையும் தடவித் தடவிப் பிரித்தார். சிகாமணி குனிந்து உதவப் போனார்.

“உடுங்க. நான் தம்பி வூட்டுக்கே போயிர்றேனுங்க. என்னால உங்களுக்கெல்லாம் எதுக்குங்க இத்தனை செரமம்?”

சிகாமணியால் அங்கே நிற்க முடியவில்லை. நேராக அம்மாவிடம் போனார். பாதி கோபம், பாதி அழுகை.

“முடியலீங்கம்மா. நாளான்னிக்கு வியாழக்கிழமை. எந்த எடம்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்ல மாட்டேங்கறீங்க. அந்தம்மா போயிட்டா அந்தப் பாவம் ஆருக்குங்க?”

அம்மா எழுந்தார். “வாங்க.”

சாமான் அறைக்குக் கூட்டிப்போனார். பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய கதவு. அதன் ஓரத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்துபோய் மரம் கறுத்து மினுமினுத்தது.

“இது என்னங்க ஐயா?”

“அழுக்குங்க.”

“ஆரோட அழுக்குங்க?”

சிகாமணி தன் கையை அங்கே வைத்துப் பார்த்தார். அவருக்கு அது தாழ்வாக இருந்தது. நாதாங்கி அதற்கு ஒரு சாண் மேலே இருந்தது. தச்சர் தன் உயரத்துக்கு வைத்த நாதாங்கி. ஆனால் தினமும் நாற்பது தடவை இந்தக் கதவைத் தள்ளித் திறப்பது ராமாத்தாள்.

வெகுநேரம் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் முகம் வெளிறிப்போயிற்று.

“அலமாரிக்கு அடியிலயும் இருந்துச்சுங்கம்மா. பலகை பூரா அழுக்குத்தான். ஆனா ஒரு எடத்துல மட்டும் திட்டாட்டம் இருந்துச்சு. அது போகலைன்னுதான் ரெண்டு மணி நேரம் தேச்சேன். அதுக்கு மேல பெயிண்டும் அடிச்சேன்.” அம்மா பக்கம் திரும்பினார். “எந்த எடம்னு ஞாபகமே இல்லீங்க. நானே அழிச்சுப்போட்டேன். இனி எங்க போயித் தேடுவேனுங்க?”

“நீங்க தொடைச்சது பலகையத்தானுங்க ஐயா,” என்றார் அம்மா. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை விடியும்போது சிகாமணி சமையல்கட்டில் இருந்தார். டேப் இல்லை, பென்சில் இல்லை, தாள் இல்லை. மூலையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். ராமாத்தாள் உள்ளே வந்ததும் நின்றார்.

“ஆருங்க?”

“நாந்தானுங்க. சும்மா உக்காந்திருக்கேன்.”

சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கால் மரத்தது. முதுகு அரித்தது. அடுப்பின் உயரம் தப்பு என்று சொல்ல வாய் துடித்தது. ராமாத்தாளும் முதலில் விறைப்பாகவே இருந்தார். ஒரு ஆள் பார்க்கிறான் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. பால் பொங்கியது, உலை வைத்தாயிற்று, பருப்பு வேகத் தொடங்கியது. வேலை ஏற ஏற ராமாத்தாள் மூட்டைமேல் இருந்த மனிதரை மறந்துபோனார்.

அப்போதுதான் சிகாமணி அதைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து வரும்போது ராமாத்தாளின் வலது கை அலமாரியின் அடிப்பலகையைத் தடவிக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் நின்றது. நாலு விரல் பலகைக்கு அடியில், கட்டைவிரல் வெளி ஓரத்தில். தலையைச் சாய்த்து, உலை கொதிக்கிற சத்தத்தைக் கேட்டபடி ராமாத்தாள் அப்படியே நின்றார். பிறகு கரண்டியை எடுக்கப் போனார். திரும்பி வந்தார். கை மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

ஒன்று, இரண்டு என்று சிகாமணி எண்ணினார். நாலுக்கு மேல் எண்ணவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அரிசி வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. அவர் மூட்டைமேல் உட்கார்ந்தே இருந்தார்.

அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. ஒரே ஒரு பிளக். விரல்கள் நின்ற இடத்தில், லேசாக முன்பக்கம் சாய்ந்தாற்போல. துளைகளைத் தடவிக் கண்டுகொள்ள அதைச் சுற்றி ஒரு மேடான விளிம்பு. கட்டைவிரல் இருந்த இடத்தில், வெளி ஓரத்தில், அகலமான ஒரு சுவிட்ச். வயரை இழுத்துப் பார்த்தார். அடுப்புவரை அது எட்டவே இல்லை.

வியாழக்கிழமை நாச்சிமுத்து வந்தார்.

“எங்க, பண்ணிக் காட்டுங்க,” என்றார்.

ராமாத்தாள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். மிக்சி ஜாரில் தேங்காயும் மிளகாயும் போட்டார். வயரை எடுத்தார். கை மேலே போனது, வயர் முனை பிளக்கில் ஏறியது, கட்டைவிரல் சுவிட்சைத் தட்டியது. தேடவில்லை, தடவவில்லை. நாச்சிமுத்து இன்னொரு தரம் செய்யச் சொன்னார். இன்னொரு தரமும் அப்படியேதான் நடந்தது. மூன்றாவது தரம் கேட்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

“செரி. தம்பி வூட்டுக்கெல்லாம் வேண்டாம். இங்கயே இருங்க அம்மணி,” என்றார்.

ராமாத்தாள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த ஜாருக்குத் தேங்காய் துருவப் போனார். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அதைத் துடைக்க அவருக்கு நேரமில்லை.

நாச்சிமுத்து சிகாமணியின் பக்கம் திரும்பினார். “அஞ்சு நாளா வேலை செஞ்சீங்கன்னாங்க. ஒரே ஒரு பிளக்குத்தானுங்களா?”

அம்மா சிகாமணியைப் பார்த்தார். “ஒண்ணேதானுங்க,” என்றார் சிகாமணி.

நாச்சிமுத்து குனிந்து அலமாரிக்கு அடியில் பார்த்தார். வெள்ளைப் பெயிண்டில் பிளக்கை ஒட்டி, நாலு விரல் பட்ட மஞ்சள் கறை ஒன்று புதிதாக இருந்தது.

“என்னுங்க இது, பெயிண்டு அடிச்சு வாரம்கூட ஆகலை. அதுக்குள்ள அழுக்காயிருச்சே,” என்று தோள் துண்டை எடுத்துத் துடைக்கப் போனார்.

சிகாமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க?” என்றார் நாச்சிமுத்து.

மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. சிகாமணி பிடித்த கையை விடவில்லை.