வழுக்காத அறுவடை மிஷின்

ஊருக்கு ஒரு மடையன் இருந்தால் தாங்கலாம். தவக்களைமங்கலத்தில் மடையன் இல்லாத வீட்டை விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும். அவர்களுக்கெல்லாம் தலைமடையன் பக்கிரிசாமி. எங்கேயோ ஓடி ஓய்ந்த, சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் ரப்பர் பெல்ட்டில் நகரும் அறுவடை மிஷின் ஒன்றை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவந்து, வாசலில் நிறுத்தி மாலை போட்ட புத்திசாலி.

வயலில் ஐந்து மா நிலத்து நெல்லும் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை மழை என்று ரேடியோ சொல்லிவிட்டது. ஒரு வருஷச் சோறு அந்த நெல்தான். பக்கிரிசாமி மிஷினைச் சேற்றில் இறக்கினான். பெல்ட்டில் பல்லெல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்ததால், அது நின்ற இடத்திலேயே பெல்ட்டைச் சுழற்றிச் சேற்றை வாரி அவன் மூஞ்சியில் அடித்தது.

"நெல்லு வீடு வந்து சேரலே, உன்னைத்தான் உலையில போடுவேன்!" என்றாள் மனைவி கமலவேணி. பக்கிரிசாமி மெக்கானிக் சூசைக்குப் போன் போட்டான்.

"புது பெல்ட்டு வாங்க வக்கில்லேன்னா, குறுக்கால மரக்கட்டை வச்சு போல்ட்டு போடு. வண்டியில கனத்தைக் குறை. அப்பவும் வழுக்கினா, முன்னால வைக்கோலைப் போட்டு ஏத்து. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றான். கேட்டால் அப்படித்தான் சொல்வான்.

கட்டைக்காக வீட்டுக் கட்டிலை உடைத்தார்கள். கட்டை ஒரு பெல்ட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. "ஒரு காலாவது வழுக்காம இருக்கட்டும்" என்றான் கூட்டாளி தம்பையன். மிஷின் செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் வட்டம் போட்டது. "நகருதுடா!" என்று பக்கிரிசாமிக்கு ஆனந்தக் கண்ணீர்.

அடுத்து கனம். ஆளுக்கு ஆள் மிஷினைத் தட்டிப் பார்த்தார்கள். டீசல்தான் கனம் என்று தீர்ப்பாயிற்று. மொத்தத்தையும் குடத்தில் வடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் மிஷின் கம்மென்று இருந்தது. "கனம் குறைஞ்ச சுகத்துல தூங்குது" என்றான் தம்பையன். தூங்குவதை எழுப்ப மறுபடி டீசலை ஊற்றினார்கள்.

மிச்சம் இருந்தது வைக்கோல். போன வருஷத்து வைக்கோலை மாடு தின்று தீர்த்துவிட்டது.

"இம்புட்டு நெல்லுத் தாளு வயல்லயே நிக்குதே!" என்றான் பக்கிரிசாமி. அவனுக்கே தன் மூளையை நினைத்துப் புல்லரித்தது.

பன்னிரண்டு பேர் அரிவாளோடு இறங்கினார்கள். இரண்டு நாள் இடுப்பொடிய ஐந்து மாவையும் கையாலேயே அறுத்துப் போட்டார்கள்.

தம்பையனுக்கு ஒரு சந்தேகம். "நெல்லை அடிச்சு எடுத்துட்டு வைக்கோலை மட்டும் போடுவமா?"

"சூசை அடிக்கச் சொன்னாரா? போடத்தானேடா சொன்னாரு! சொன்னதைச் செய்யி."

கதிரும் மணியுமாக வயல் முழுக்கப் பரப்பினார்கள். இன்னொரு கட்டிலும் உடைந்து அடுத்த பெல்ட்டில் ஏறியது. வியாழன் சாயங்காலம் மிஷின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு அப்படி ஓடியது! ஒரு வழுக்கல் கிடையாது. ஒரு நெல்மணி விடாமல் சேற்றுக்குள் மிதித்து அமுக்கிவிட்டுக் கரையேறியது. ஊரே கைதட்டியது. மிஷின் தொட்டியில் மட்டும் நெல் இல்லை. அது ஏன் என்று நால்வர் கூடி யோசித்தார்கள், பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. எட்டாம் நாள் கமலவேணி உலக்கையோடு வயலுக்கு வந்தாள். வயல் முழுக்கப் பச்சைப்பசேலென்று முளை.

"அடியே பாரு!" என்று குதித்தான் பக்கிரிசாமி. "வித்தவன் ஏமாந்த பய! இது விதைக்கிற மிஷினுடி!"

மறுநாளே மிஷினில் போர்டு தொங்கியது: 'விதைப்பு மிஷின் வாடகைக்கு. வாடிக்கையாளர் விளைந்த வயலோடு வரவும்.'