துண்டுக்கு அடியில்

“எப்பத்தான் அம்மிணி விடறது?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

நாணைப் பையத் தளர்த்தி, பல்லில் கவ்வியிருந்த தோல் பட்டையை விட்டுவிட்டுத்தான் கேட்டார். அவருக்கு வலது கை தோளோடு இல்லை. இடது கையில் வில், வாயில் நாண். வாயைத் திறந்தால் அம்பு போய்விடும்.

வெளிநாட்டில் நடக்கும் மாற்றுத்திறனாளிகள் வில்வித்தைப் போட்டிக்கு வந்திருந்தார். முதல் நாள் பயிற்சியில் காற்றைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பாதி வார்த்தையிலேயே அம்பு கிளம்பிப் பக்கத்து நாட்டுக்காரன் குறிப்பலகையில் குத்தி நின்றது. சக்கர நாற்காலியில் இருந்த அந்த ஆள் கைகூப்பி நன்றி சொன்னான்.

அம்மிணி என்று அவர் கூப்பிட்டது ஜெசிந்தாவை. தூத்துக்குடிக்காரி, வயது இருபத்தாறு. பிறக்கும்போதே இரண்டு கையும் கிடையாது. காலால் வில் வளைத்து இதே விளையாட்டில் பதக்கம் வாங்கிவிட்டு, இப்போது பயிற்சியாளராக வந்திருந்தாள். வலது கால் விரலிடுக்கில் காகிதக் கோப்பையைப் பிடித்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு அம்புக்கு இருவது நொடிதான் தர்றானுக. கொடி ஆடுது. காத்து அடங்கட்டும்னு பொறுத்தா நேரம் போயிருது. இது என்ன நாயம்?”

“காத்துகிட்ட என்ன கேட்டீங்க, அண்ணாச்சி?”

“கொஞ்சம் கொறைச்சுக்கச் சொன்னேன்.”

“கொறைச்சுச்சா?”

“கொறைச்சுது. இன்னுங் கொஞ்சம் கொறையும்னு பாத்தேன். ஏறிப்போச்சு.”

ஜெசிந்தா டீயை உறிஞ்சினாள்.

“நல்லா இருக்கு,” என்றாள்.

டீயா, அவர் சொன்னதா என்று நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. கோபம் வந்தது. அவருக்கு எது புரியாவிட்டாலும் கோபம் வரும்.

*

நாச்சிமுத்து மாட்டுத் தரகர். முப்பது வருஷம் சந்தையில் நின்றவர். லாரியில் காளை ஏற்றும்போது கயிற்றில் சிக்கிக் கை போனது. கையோடு தொழிலும் போனது. இடது கையை நீட்டி யாவாரம் பேசினால் சந்தையில் எவன் பிடிப்பான்?

“கழுத்துல எதையாச்சும் மாட்டிக்கிட்டுத்தான் இந்தச் சந்தைக்குள்ள காலு வெப்பேன்,” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியிருந்தார்.

“மாட்டுச் சந்தைக்குக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போனா, எவனாவது பல்லைப் பிடிச்சுப் பாக்கப் போறான் அண்ணாச்சி,” என்றாள் ஜெசிந்தா.

“பாக்கட்டும். பல்லு கெட்டியா இருக்குது.”

மைதானத்துப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது அவள் கேட்டாள்: “உங்க யாவாரம் எப்படி, சொல்லுங்களேன்.”

அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தோளில் கிடந்த பச்சைத் துண்டை உதறிக் காட்டினார்.

“இவன் கை மேல அவன் கை. மேல துண்டு. வாயே தொறக்கக் கூடாது. விரலைப் பிடிச்சா வெலை. ரெண்டு விரலை அழுத்துவான். நான் ஒண்ணை மடக்குவேன். அவன் மூஞ்சியப் பாக்காமயே அவன் மனசு எனக்குத் தெரிஞ்சுரும்.”

“யார்கிட்ட வேணாலும் இப்படிப் பேசலாமா?”

“எமனே வந்தாலும் பேசுவேன். கை நீட்டோணும், அவ்வளவுதான்.”

“கை இல்லாட்டி?”

“கை இல்லாதவன்கிட்ட என்னத்தப் பேரம் பேசறது?” என்று சிரித்தவர், அவள் தொங்கும் சட்டைக் கைகளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதே அம்மிணி.”

“பஸ் வந்துட்டு,” என்றாள் ஜெசிந்தா.

*

வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரே ஒரு மங்கோலியாக்காரர். பதினைந்து அம்பு முடிந்தபோது இருவரும் சமம். இனி ஆளுக்கு ஓர் அம்பு. நடுவுக்கு யாருடையது கிட்டவோ, அவருக்குப் பதக்கம்.

மங்கோலியாக்காரர் முதலில் விட்டார். ஒன்பது.

கூட்டம் கை தட்டியது. நாச்சிமுத்துவுக்குக் காது அடைத்தது. பலகைக்கு மேலே கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“பாத்தியா அம்மிணி! அவனுக்குக் காத்து சும்மா கெடந்துது. என்னையக் கண்டதும் ஏறிக்குது. கொஞ்சம் எறங்கி வந்துதுன்னா ஒரே போடா...”

இன்னும் அவர் முறைக்கு மணி அடிக்கவில்லை. ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை உயர்த்தினாள். அவர் தோளிலிருந்த பச்சைத் துண்டைக் கால்விரலால் பிடித்து இழுத்தாள். தன்னுடைய காலிச் சட்டைக் கையின் மேல் அதை விரித்துப் போட்டாள்.

“பிடிங்க,” என்றாள்.

“என்னது?”

“காத்துக்காக நான் பேசுதேன். வெலையச் சொல்லுங்க.”

முப்பது வருஷப் பழக்கம். வில்லைத் தாங்கியில் மாட்டிவிட்டு, யோசிக்காமல் இடது கையைத் துண்டுக்குள் விட்டார். முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, தரகர் மாதிரியே தேடினார்.

சட்டைத் துணி. அதற்குள் ஒன்றுமில்லை. மேலே தேடினார். கீழே தேடினார். விரலே இல்லை.

ஜெசிந்தாவும் தரகர் மாதிரியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது.

நாச்சிமுத்து கையை உருவிக்கொண்டு கோட்டில் போய் நின்றார். வில்லை எடுத்து அம்பைப் பூட்டினார். பட்டையைக் கவ்வினார். வில்லை முன்னால் தள்ளினார். கொடி படபடத்தது. நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. மஞ்சள் வட்டம் கண்ணுக்கு நேரே வந்து நின்றது.

இத்தனை ஜனத்துக்கு நடுவே, ஒரு காலிச் சட்டைக் கைக்குள் விலை தேடிக்கொண்டு நின்ற தன் மூஞ்சி அவருக்குத் தெரிந்தது.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய் திறந்துவிட்டது.

பலகையில் ‘டொக்’ என்றது.

பத்து.

மங்கோலியாக்காரர் வந்து அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். நாச்சிமுத்து இன்னும் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலிப் பக்கம் திரும்பினார். கொடி அப்படியேதான் அடித்துக்கொண்டிருந்தது.

“எம்புட்டுக்கு அண்ணாச்சி எறங்கி வந்துச்சு?” என்றாள் ஜெசிந்தா.

நாச்சிமுத்து கொடியை ஒருதரம் பார்த்தார்.

“அடடா,” என்றார். “கேக்க மறந்துட்டனுங் அம்மிணி.”