மிதிபடாத உப்பு

குளிர்நாட்டு நகரம் ஒன்றில் ஒரு வாசல் இருந்தது. சில படிகள், ஒரு பக்கம் இரும்புக் கம்பி, அதற்கப்பால் தெரு. அந்த வாசலுக்குச் சொந்தக்காரியாகத் தவமலர் வந்து சேர்ந்தாள். அதுவரை அவள் வாழ்ந்ததெல்லாம் அடுக்குமாடியில். அங்கே வாசல் என்றால் ஒரு கதவும் பொதுக் கம்பளமும்தான். கம்பளத்தில் யார் தண்ணீர் தெளிப்பது?

அதனால் புது வீட்டின் முதல் தைப்பொங்கலன்று அவளைப் பிடிக்க முடியவில்லை. விடிகிற நேரத்தில் முழுகிவிட்டு, செம்பில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. உறைந்துவிடுமோ என்று ஒரு கணம் யோசித்தாள். சுடுதண்ணீர்தானே, உறையாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படிபடியாகத் தெளித்தாள். ஆவி எழும்பியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுப்பில் பானையை வைத்துவிட்டு, செம்போடு திரும்பி வந்தபோது ஆவி இல்லை. படிகள் மஞ்சளாக மினுங்கின.

"கூப்பிட்டனீங்களோ அக்கா?"

தவமலர் சுற்றிப் பார்த்தாள். தெருவில் ஒரு குருவிகூட இல்லை.

"இஞ்சை. கீழை." குரல் படியிலிருந்து வந்தது. மெல்லிய, மரியாதையான குரல். "நான் ஐஸ். மற்ற வீடுகளுக்கு ஒளிச்சுத்தான் போவன். நீங்கள்தான் மஞ்சள் கரைச்சு வரவேற்றனீங்கள்."

"நான் லட்சுமியைக் கூப்பிட்டனான். உன்னை இல்லை."

"வந்தது நான்தானே."

தவமலர் குனிந்து பார்த்தாள். செம்பு நழுவி விழுந்தது. ஒரு தரம்தான் சத்தம் கேட்டது. பிறகு அது சத்தமே இல்லாமல் படியிலிருந்து படிக்கு வழுக்கி, நடைபாதையைக் கடந்து, தெருவில் போய் மெதுவாகச் சுழன்று நின்றது.

"குறை நினையாதேங்கோ," என்றது ஐஸ். "சும்மா பழகிப் பார்த்தனான்."

"என்னத்துக்குப் பழகிறாய்?"

"மத்தியானம் மகள் வாறாவாம், கதவுக்குள்ளாலை கேட்டது. வயிற்றிலை பிள்ளையோட. நான் ஒருத்தரையும் தள்ளுறேல்லை அக்கா. பிடிக்கிறேல்லை, அவ்வளவுதான்."

தவமலர் ஓடிப்போய் அகப்பையை எடுத்து வந்து வாசற்படியில் இருந்தபடியே சுரண்டினாள். அகப்பை வழுக்கியது. ஐஸ் கிளுகிளுத்துச் சிரித்தது. "கூசுதக்கா."

அந்த நேரம் பார்த்துப் பனி கொட்டத் தொடங்கியது. பனி நல்லவள் போலத்தான் வருவாள், எப்போதும்.

"ஐயோ பாவம், நல்ல நாளிலை வாசல் இப்பிடிக் கிடக்கே," என்றாள் பனி. "மூடிவிடுறன்."

"மூடாதை! தெரியாட்டி விழுந்திடுவாள்!"

"வெள்ளை விரிக்கிறதுதான் என்ரை வேலை. கீழை என்ன கிடக்கெண்டு நான் பார்க்கிறேல்லை."

கொஞ்ச நேரத்தில் மஞ்சளைக் காணவில்லை. வாசல் துப்புரவாக, அழகாக, யாரும் நடக்க ஆசைப்படுகிற மாதிரி இருந்தது. அந்த அழகுதான் தவமலரைப் பயமுறுத்தியது.

மகள் சிந்துஜாவுக்குப் போன் எடுத்தாள். "பிள்ளை, படி வழுக்கும், கவனம்."

"அம்மா, எனக்கு நடக்கத் தெரியும். வெளிக்கிட்டிட்டம், வையுங்கோ."

தான் தண்ணீர் தெளித்ததை மட்டும் தவமலர் சொல்லவில்லை. சொன்னால் மகள் சிரிப்பாள். உண்மைக் காரணம் அதுதான், வேறொன்றுமில்லை.

கதவு மூலையில் ஒரு மூட்டை உப்பு இருந்தது. படியில் ஐஸ் பிடித்தால் தூவி உருக்கவென்று, குளிர் தொடங்கியதுமே மருமகன் வாங்கி வந்து போட்டது. தரையில் உப்பு இருக்கக் கூடாது என்று தவமலர் அதை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு பூ வைப்பாள்.

"ஏய்," என்றது உப்பு. அதற்கு மரியாதை தெரியாது. "என்னை இறக்கு. நான் கறிக்கு வந்த உப்பில்லை, காலுக்கு வந்த உப்பு. கொண்டுபோய்க் கொட்டு."

"மிதிபடுவியே!"

"அதுக்குத்தானே வந்தனான்."

தவமலரால் முடியவில்லை. சமையலறையில் இரண்டு கல் உப்புச் சிந்தினால்கூட விரலால் ஒற்றியெடுத்துத் தண்ணீரில் கரைக்கிறவள் அவள். சிறுவயதில் சிந்துஜா ஒரு நாள் உப்பை மிதித்தபோது காலில் அடித்தே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

கடைசியில் ஒரு நடுவழி கண்டுபிடித்தாள். உப்பைக் கைப்பிடியாக அள்ளி, கண்ணில் ஒற்றி, கம்பியைப் பிடித்துக் குனிந்து, படிகளின் இரண்டு ஓரத்திலும் கவனமாக வைத்தாள். கால் படுகிற நடுப்பக்கத்தை அப்படியே விட்டாள்.

"ஓரத்திலை வைச்சால் ஓரந்தான் உருகும்," என்றது உப்பு.

தவமலர் அடுத்த பிடியையும் ஓரத்திலேயே வைத்தாள்.

"வடிவா இருக்கக்கா," என்றது ஐஸ், பனிக்குக் கீழேயிருந்து. "கரை வைச்ச சீலை மாதிரி."

மத்தியானம் கார் வந்து நின்றது. சிந்துஜாவை இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடி மருமகன் மூலை திரும்பினான். சிந்துஜா ஒரு கையில் பழப்பையோடு வந்தவள், தெருவில் கிடந்ததைக் கண்டு மெல்லக் குனிந்து எடுத்தாள்.

"அம்மா! செம்பு றோட்டிலை கிடக்கு! என்ன, பொங்கல் சரிவரேல்லை எண்டு எறிஞ்சிட்டியளோ?"

இப்போது அவளுக்கு இரண்டு கையும் நிறைந்துவிட்டன.

"எல்லாத்தையும் கீழை போடு! கம்பியைப் பிடி!"

"ஏனம்மா நல்ல நாளிலை கத்துறியள்?" என்று கேட்டபடியே அவள் படியேறினாள். முதற்படி. அடுத்தது. அங்கே பனி விலகியது. அவளது சப்பாத்துக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒன்று, கண் திறந்த மாதிரி மினுங்கியது. சிந்துஜா கண்டுவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை, ஓரமாகக் கால் வைக்கப் போனாள். அங்கே உப்புக் கிடந்தது. வைக்கப்போன காலைச் சட்டென்று தூக்கினாள்.

ஒற்றைக் காலில் நின்றாள். வயிற்றின் பாரம் அவளை முன்னுக்கு இழுத்தது.

"மிதிக்காதை பிள்ளை. உப்பு லட்சுமியெல்லோ," என்று ஒரு குரல் சொன்னது.

தவமலர் வாய் திறக்கவேயில்லை. ஆனால் அது தவமலரின் குரல். ஏற்ற இறக்கம்கூட அப்படியே. அத்தனை வருசமும் அவள் சொன்ன அதே சொற்கள், படிக்குக் கீழேயிருந்து வந்தன.

"நடுவாலை வா பிள்ளை," என்றது ஐஸ், தாயின் குரலில். சிந்துஜாவின் கால் நடுப்பக்கம் திரும்பியது.

தவமலர் ஸ்டூலை உதைத்தாள். மூட்டை கவிழ்ந்தது. உப்பு அத்தனையும் சரசரவென்று படிகளில் இறங்கி ஓடியது. வெறுங்காலோடு அதன் மேலேயே அவள் இறங்கினாள். ஒவ்வொரு கல்லும் காலைக் கடித்தது. கடித்ததால்தான் கால் நின்றது.

"அது நானில்லை!" என்று கத்தினாள். "நான் தெளிச்ச தண்ணியடி அது! விடியப் பார்த்த விசர் வேலை! எல்லாத்தையும் விட்டிட்டுக் கம்பியைப் பிடி! உப்பை மிதி!"

சிந்துஜா செம்பை விட்டாள், பையை விட்டாள், கம்பியைப் பற்றினாள். செம்பு உப்பில் விழுந்து அங்கேயே கிடந்தது. கால் மட்டும் இன்னும் காற்றில் நின்றது.

"உப்பு லட்சுமியெல்லோ அம்மா..." என்றாள்.

தவமலரின் காலுக்குக் கீழே, பாதி கரைந்துபோன உப்புத்தான் பேசியது.

"கும்பிட்டது போதும். மிதி."

சிந்துஜாவின் சப்பாத்துக்குக் கீழே உப்பு நறுக்கென்று சத்தமிட்டது. கால் நின்றது.